தொங்கல் வீட்டுக்குத் தண்ணீர் வர எங்கே குழாய் போடவேண்டும்?

மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னியில் நான் பார்த்த குடிநீர்த் திட்டங்கள் சில ஒரே தடவையில் முடிந்தவை அல்ல. முதலில் கிடைத்த பணத்தில் தாங்கியும் பெரிய குழாயும், சில வருடங்கள் கழித்து வந்த பணத்தில் மிச்சத் தூரத்துக்குச் சிறிய குழாயும் என்று துண்டு துண்டாக நீண்டவை. தொங்கலில் உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் போதாதபோது, “இன்னொரு குழாய் போட்டுத் தாருங்கள்” என்று சங்கக் கூட்டத்தில் கேட்கிறோம். அதை எங்கே போடுவது என்பதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு விடை தருவது சமவலுக் குழாய்க் கணக்கு.

அளவு மாறும் பல குழாய்களுக்குப் பதிலாக, அதே அழுத்தத்தில் அதே அளவு தண்ணீரைத் தரக்கூடிய ஒரே அளவான குழாயைக் கற்பனை செய்வதே இந்த முறை. உயர்தரத்தில் படித்த சமவலுத் தடையைப் போன்றதுதான் இது.

ஓர் உதாரணம் பார்ப்போம். தாங்கியிலிருந்து 600 மீற்றருக்கு 90 மில்லிமீற்றர் குழாய், அதன் தொடர்ச்சியாக 200 மீற்றருக்கு 63 மில்லிமீற்றர் குழாய் என்று வைத்துக்கொள்வோம். இவை உள்விட்டங்கள். குழாயில் எழுதியிருப்பது பெரும்பாலும் வெளிவிட்டம் என்பதைக் கவனியுங்கள்.

ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, உராய்வால் இழக்கும் அழுத்தம் நீளத்துக்கு ஏற்பக் கூடும்; விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 90ஐ 63ஆல் வகுத்து, வரும் விடையை ஐந்து தடவை பெருக்கினால் ஏறக்குறைய 5.95. அதாவது சிறிய குழாயின் 1 மீற்றர், பெரிய குழாயின் கிட்டத்தட்ட 6 மீற்றருக்குச் சமம். எனவே அந்த 200 மீற்றர், பெரிய குழாயில் 1,190 மீற்றருக்குச் சமமாகிறது. 800 மீற்றர் பாதை 1,790 மீற்றர் பாதைபோல் நடந்துகொள்கிறது.

இப்போது புதிதாக 63 மில்லிமீற்றர் குழாயொன்று கிடைக்கிறது. பழைய குழாய்க்குச் சமாந்தரமாகப் போட்டு இரு முனைகளிலும் இணைத்தால், தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடும். ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்பு மாறுவதால், இரண்டு சம குழாய்களில் அது காற்பங்காகக் குறையும்.

தாங்கிக்குப் பக்கத்திலுள்ள 600 மீற்றரோடு அதைப் போட்டால், அந்தப் பகுதியின் சமவலு நீளம் சுமார் 302 மீற்றராகக் குறையும். மொத்தம் 1,492 மீற்றர். தொங்கலுக்கு வரும் தண்ணீர் 10 சதவீதம்கூடக் கூடாது.

ஒடுங்கிய 200 மீற்றரோடு போட்டால், 1,190 மீற்றர் 298 ஆகிவிடும். மொத்தம் 898 மீற்றர். தண்ணீர் சுமார் 41 சதவீதம் கூடும். மூன்றிலொரு பங்கு குழாய், நான்கு மடங்கு பலன்.

இன்னொன்று: இரண்டு 63 குழாய்கள் சேர்ந்தால் 126 ஆகாது. அவை ஏறக்குறைய 83 மில்லிமீற்றர் குழாய் ஒன்றுக்கே சமம். ஒரு 90 குழாய்க்குக்கூட ஈடாகாது.

இடையில் கிளைகள் பிரிந்தால் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கணக்கிடவேண்டும். கிணற்றிலேயே தண்ணீர் போதாவிட்டால் எந்தக் குழாயும் உதவாது.

ஆகவே அடுத்த மதிப்பீட்டில் சங்கம் ஒப்பமிட முன்னர், ஒவ்வொரு துண்டினதும் நீளத்தையும் உள்விட்டத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள். ஒடுங்கிய துண்டு எங்கே இருக்கிறதென்று அந்தத் தாளே காட்டும்.