முதலில் நகல், பிறகுதான் பழுது

ஹார்டு டிஸ்க் எந்த ஊரிலும் ஒரே விதமாகத்தான் சாகிறது. அதைக் கொல்லும் காரணம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசியும் கோடைச் சூடும். இடுக்கி மலைகளில் மூணாறு, பீர்மேடு பக்கம் ஈரமும், துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழையோடு வரும் இடிமின்னலும். மலையின் உயரத்தைக் குறை சொல்பவர்களும் உண்டு. டிஸ்கின் ஹெட் காற்றில் மிதந்துதான் ஓடுகிறது, காற்று மெலிந்தால் தட்டில் உரசும் என்பது உண்மையே. ஆனால் சாதாரண டிஸ்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படி செய்யப்படுகின்றன. ஆனைமுடியின் உச்சியே 2,695 மீட்டர்தான்.

பழுதைக் கண்டறிய முதலில் காது போதும். சுழலும் ஓசையே இல்லையென்றால் கேபிளையும், அதன்பின் அடியிலுள்ள சர்க்யூட் போர்டையும் பார்க்க வேண்டும். இடி விழுந்த மறுநாள் இப்படியானால், மின்னழுத்தம் எகிறும்போது தான் கருகிப் போர்டைக் காக்கும் டயோடு போயிருக்கலாம். தட்டிலுள்ள தரவு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அதே மாடல் போர்டை மாற்றினால் சரியாகிவிடும் என்ற கடைத்தெரு நம்பிக்கை பாதிதான் சரி. அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் பல மாடல்களில் போர்டின் ரோம் சிப்பில் இருக்கின்றன. அதையும் பெயர்த்துப் புதிய போர்டில் பற்றவைத்தாக வேண்டும்.

டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டினால் பெரும்பாலும் ஹெட் கெட்டிருக்கிறது. உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சுழற்சியும் தட்டைச் சுரண்டக்கூடும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தூசி புகுந்தாலும் ஆபத்து என்பதால் வீட்டு மேசையில் மூடியைத் திறக்கக் கூடாது. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் பழைய வித்தை அதைவிட மோசம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூக்கும், இடுக்கியின் ஈரக்காற்றில் இன்னும் வேகமாக.

ஓசை இயல்பாக இருந்தும் கோப்புகள் திறக்கத் திணறினால், டிஸ்க் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்க்க வேண்டும். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் தட்டோ ஹெட்டோ தேய்கிறது. தரவு கடத்தலில் நேரும் சிஆர்சி பிழை மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான தரவு வீணாகிறது. விண்டோஸ் செக்டிஸ்க் ஓட்டச் சொல்லும். பலர் ஓட்டியும் விடுகிறார்கள். அது கோப்பமைப்பைச் சீராக்கும் கருவி. சாகும் டிஸ்கிலேயே எழுதும், பொருந்தாத பதிவுகளை வெட்டியெறியும். டிஸ்குக்கு மிஞ்சியிருக்கும் ஆயுளை நகலெடுக்க மட்டுமே செலவிட வேண்டும்.

அதற்கான மென்பொருள் ஜிஎன்யு டிடிரெஸ்கியூ. இது இலவசம், லினக்ஸில் ஓடும். கேரள அரசுப் பள்ளிக் கணினிகளுக்குக் கைட் நிறுவனம் தருவதும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ்தான் என்பதால், எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அந்தத் திரை புதிதல்ல. டிடிரெஸ்கியூ முதலில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து சிறிது சிறிதாக முயலும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மலையோர ஊர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. நகலை வாங்கும் டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும்.

மீட்பு வேலை முழுவதும் அந்த நகலில்தான். பிரிவுகள் காணாமல் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க். கோப்பமைப்பே சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக், கோப்புகளைத் தொடக்க பைட்டுகளின் அடையாளத்தால் பொறுக்கியெடுக்கும். படங்கள் கிடைக்கும், பழைய கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காது.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்குக்கு இவை எதுவும் பொருந்தாது. 2018 ஆகஸ்டில் முதிரப்புழை ஆறு மூணாறு நகருக்குள் புகுந்ததுபோன்ற சமயங்களில், நனைந்த கணினியை வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்க்கத்தான் கை போகும். சேறு தட்டில் காய்ந்து ஒட்டிவிட்டால் எடுப்பது கடினம். மின்சாரம் கொடுக்காமல், ஈரத்துணியில் சுற்றி, காற்றுப்புகாத பையிலிட்டு, தூய அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்கு விரைவாக அனுப்ப வேண்டும். தட்டும் ஹெட்டும் இல்லாத எஸ்எஸ்டியின் கதை வேறு. அது அடுத்த வாரம்.