நுனி முடிக்கு வயது என்ன?

தலைமுடியைப் பிடித்து இழுத்தால் 'ஆ... அம்மா!' என்று கத்துகிறோம். அதே முடியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் மட்டும் வலிப்பதே இல்லை. ஏன் என்று யோசித்தது உண்டா?

முடிக்கு உயிர் இருப்பது தோலுக்கு உள்ளே இருக்கும் வேரில் மட்டும்தான். வெளியே நாம் சீவிப் பின்னி அழகு பார்க்கிறோமே, அந்த முடிக்கு உயிர் கிடையாது. நகத்தைப் போலவே அதுவும் 'கெரட்டின்' என்ற புரதத்தால் ஆன ஓர் இழை.

உயிர் இல்லாததால் ஒரு சிக்கலும் இருக்கிறது. விளையாடும்போது முழங்காலில் அடிபட்டால், சில நாட்களில் தோல் தானாக ஆறிவிடும். முடியின் நுனி பிளந்தால் ஆறாது. வெட்டும் வரை அப்படியேதான் இருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். உங்கள் சடையின் நீளம் 36 செ.மீ. என்றால், அதன் நுனிக்கு வயது 3! நீங்கள் மூன்றாம் வகுப்பு படித்தபோது முளைத்த முடி, ஆறாம் வகுப்பிலும் உங்களோடு பள்ளிக்கு வருகிறது. எத்தனை வெயில், எத்தனை சீப்பு, எத்தனை ரிப்பன் பார்த்திருக்கும்? அதனால்தான் முடியை மென்மையாகக் கையாள வேண்டும் என்கிறோம்.

விரலால் ஒரு சோதனை

சீப்பில் சிக்கிய நீளமான முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ப் பக்கத்திலிருந்து நுனி நோக்கி இரு விரல்களால் உருவுங்கள். வழுவழுவென்று போகும். இப்போது நுனியிலிருந்து வேர் நோக்கி உருவுங்கள். கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரிகிறதா?

முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள், கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை நுனியைப் பார்த்தபடி இருக்கும். எதிர்ப்பக்கம் தேய்த்தால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், உடையும். முடி சிக்காவதும் பளபளப்பை இழப்பதும் இதனால்தான்.

தினமும் செய்ய வேண்டியது

காலை: முடி நனைந்திருக்கும்போது பலம் குறைவாக இருக்கும். சட்டென்று அறுந்துவிடும். அதனால் முடி நன்றாகக் காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பால் சீவுங்கள். முதலில் நுனியில் உள்ள சிக்கை எடுங்கள். பிறகு நடு, கடைசியில் உச்சி. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால், சிக்கெல்லாம் கீழே போய் முடிச்சாகிவிடும்.

சடை: ரெட்டைச் சடை போடும் தோழிகளே, நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்ன வேண்டாம். வருடக்கணக்கில் இப்படி இழுத்தால் முன்நெற்றி முடி உதிரத் தொடங்கும். ஈர முடியையும் பின்னாதீர்கள். உள்ளே ஈரம் காயாமல் வாடை வரும்.

எண்ணெய்: தலைத்தோலே தினமும் கொஞ்சம் எண்ணெயைச் சுரக்கிறது. நாம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். அது முடிக்குள் ஊறி, குளிக்கும்போது முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. நெற்றியில் வழியும் அளவுக்குத் தடவினால் தூசுதான் ஒட்டும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வைக்க வேண்டாம். தலைத்தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சைக்குப் பொடுகில் பங்கு உண்டு. அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசை என்றால் கொண்டாட்டம்!

குளியல்: வாரம் இரண்டு முறை தலைக்குக் குளியுங்கள். வெயிலில் ஓடியாடி வியர்த்தால் இன்னும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம். ஷாம்பு, சீயக்காய் எதுவானாலும் சரி. சீயக்காயில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் கண்ணில் பட்டால் எரியும், கவனம்! நகத்தால் பிறாண்டாமல், விரல் நுனியால் தலைத்தோலைத் தேயுங்கள். நுரை முழுவதும் போகும் வரை அலசுங்கள். துண்டால் பரபரவென்று தேய்க்காமல், ஒற்றி எடுங்கள்.

சாப்பாடு: புதிய முடியை வேர்தான் செய்கிறது. அதற்கு வேண்டிய பொருள் உங்கள் தட்டிலிருந்துதான் போக வேண்டும். பருப்பு, சுண்டல், முட்டை, பால், மீன், முருங்கைக்கீரை... இவற்றை ஒதுக்கிவிட்டு விலை உயர்ந்த எண்ணெய் தேய்த்துப் பயனில்லை.

சீப்பில் முடி வந்தால் பயப்படாதீர்கள். நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்புதான். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் புண், சீழ் இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேன் வந்தால்...

இப்போது எல்லோரும் ரகசியமாகப் பேசும் விஷயத்துக்கு வருவோம். பேன்!

"அழுக்குப் பிள்ளைங்களுக்குத்தான் பேன் வரும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. சுத்தமான தலையிலும் பேன் வாழும். அதற்கு வேண்டியது அழுக்கு அல்ல, ரத்தம். பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் குனிந்து படித்தால்கூடப் போதும்.

பேன் ஒன்றும் புதிதாக வந்ததும் அல்ல. இஸ்ரேல் நாட்டில் லாகிஷ் என்ற பழைய ஊரைத் தோண்டியபோது, 2016-ல் ஒரு குட்டிச் சீப்பு கிடைத்தது. நீளம் வெறும் 3.5 செ.மீ. யானைத் தந்தத்தால் ஆனது. 2022-ல் அதன் மேல் இருந்த எழுத்துகளைப் படித்துச் சொன்னார்கள். தலை, தாடியில் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அதில் இருந்தது! எழுத்தின் வடிவத்தை வைத்து, அது சுமார் 3,700 ஆண்டுகள் பழையது என்று கணித்திருக்கிறார்கள். தந்தச் சீப்பு வைத்திருந்தவர் ஏழையாக இருந்திருக்க மாட்டார். பணக்காரரையும் பேன் விடவில்லை, பார்த்தீர்களா?

ஆகவே, தலை அரித்தால் மறைக்காதீர்கள். வெட்கப்படாமல் அன்றே அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லிவிடுங்கள். மறைத்தால் பேனுக்குத்தான் லாபம். ஒரு பேன் தினமும் 6 முதல் 8 ஈர்கள் வரை இடும். அவை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும்.

அதனால் ஒருநாள் பேன் பார்த்தால் மட்டும் போதாது. தலையை நனைத்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வார வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரத்துக்குத் தொடர வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் தலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. மருந்து தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இரண்டையும் தலையில் தடவவே கூடாது. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும். பூச்சிமருந்து உடலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு விஷயம். வகுப்பில் யாருக்காவது பேன் இருந்தால், கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் அந்த நண்பர் மறைப்பார். மறைத்தால் பேன் பெருகும். பிறகு அது உங்கள் தலைக்கும் வரும்! "எனக்கும் போன வருஷம் இருந்துச்சு, சரியாப் போச்சு" என்று ஒருவர் சொன்னால், அந்த நண்பருக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

மறக்காதீர்கள்!

* சீப்பு, துண்டு, ரிப்பன், தொப்பி - ஆளுக்கு ஒன்று.
* வாரம் ஒருமுறை சீப்பைச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.
* தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.
* பிளந்த நுனியை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

சரி குட்டீஸ், ஒரு ஸ்கேலை எடுத்து முடியை அளந்து பாருங்கள். உங்கள் நுனி முடி எந்த வகுப்பில் முளைத்தது?