கைப்பந்துச் சூரியன், கடுகுப் பூமி

பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் சூரியக் குடும்பப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் மஞ்சளாகச் சூரியன், அடுத்து எட்டுக் கோள்கள் வரிசையாக. பெயர்கள் சரி, வரிசை சரி, நிறமும் ஓரளவு சரி. அளவும் தூரமும் மட்டும் சரியில்லை. வரைந்தவர்மேல் குற்றமில்லை. பூமியை ஒரு செ.மீ. அகலத்துக்கு வரைந்தால் சூரியனை 109 செ.மீ. அகலத்துக்கு வரைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே 117 மீட்டர் தாளை வெறுமனே விட வேண்டும். அப்படி ஒரு தாளை எந்த அச்சகத்தில் கேட்பது?

ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் படம்தான் முதல் அறிமுகம். கோள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்ற நினைப்பு அப்போதே பதிந்துவிடுகிறது; வளர்ந்த பிறகும் பலருக்கு அது போவதில்லை. அதனால், பெயர்களை ஒப்பிக்க வைப்பதற்கு முன்னால் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள் என்பேன். டீயைக் குடியுங்கள், எப்படியென்று சொல்கிறேன். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. பல நாட்டு ஆசிரியர்கள் வெவ்வேறு பொருள்களை வைத்துச் செய்வதுதான்.

விளையாட்டு அறையிலிருந்து ஒரு கைப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 21 செ.மீ. அதுதான் சூரியன். மற்றவை சமையலறையில் கிடைக்கும். புதனுக்கு ஒரு ரவைக் குருணை. வெள்ளிக்கும் பூமிக்கும் ஆளுக்கொரு கடுகு. செவ்வாய்க்கு ஒரு கசகசா. வியாழனுக்குக் கொஞ்சம் பெரிய கோலிக்குண்டு, இரண்டு செ.மீ. இருந்தால் போதும், சனிக்கு அதைவிடச் சற்றே சிறியது. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் காய்ந்த பட்டாணி. பொடிப்பொருள்களைப் பசை வைத்து அஞ்சலட்டையில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பூமி வழியிலேயே தொலைந்துபோகும்.

முதலில் பொருள்களை மட்டும் காட்டி, “பூமியைச் சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாம்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் ஒரு சாண், இரண்டு சாண் என்பார்கள். துணிந்த பிள்ளை மேசையின் மறுமுனையைக் காட்டும். பிறகு நடங்கள். பந்திலிருந்து 9 மீட்டரில் ரவை. 16 மீட்டரில் முதல் கடுகு. 23 மீட்டரில் இரண்டாவது கடுகு, அதாவது நாம். 34 மீட்டரில் கசகசா.

பூமியில் கொஞ்சம் நில்லுங்கள். நிலவை எங்கே வைப்பது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அரை மில்லிமீட்டர் புள்ளி ஒன்றை, கடுகிலிருந்து 6 செ.மீ. தள்ளி அதே அட்டையில் பேனாவால் வைத்தால் முடிந்தது. 1969-இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியது அந்தப் புள்ளியில்தான். ராக்கெட்டில் மூன்று நாளுக்கு மேல் பயணம் செய்து அவர்கள் கடந்தது இந்த 6 செ.மீ. அங்கிருந்து செவ்வாயின் அட்டையைத் திரும்பிப் பார்த்தால், அங்கே ஆள் அனுப்புவது ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

செவ்வாயைத் தாண்டியதும் நடை நீள்கிறது. அடுத்த நிறுத்தம் 117 மீட்டரில். நடுவில் சிறுகோள் மண்டலம். பாறைகள் முட்டி மோதிக்கொண்டு பறப்பதாகச் சினிமாவில் காட்டுவார்களே, அப்படியெல்லாம் இல்லை. அங்கிருக்கும் அத்தனையையும் திரட்டினாலும் நம் நிலவின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. விண்கலங்கள் தாராளமாகக் கடந்து போகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் கண்டுபிடித்தது. கணக்குப் பாடத்தோடு முடிச்சுப் போட விரும்பும் ஆசிரியருக்கு இது உதவும்.

வியாழனை வைக்கும்போதே பல பள்ளிகளின் மதில்சுவர் வந்துவிடும். சனிக்கு 216 மீட்டர், யுரேனஸுக்கு 432, நெப்டியூனுக்கு 681. பள்ளியை விட்டுத் தெருவுக்குப் போய், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பட்டாணியோடு நிற்பீர்கள். வழியில் யுரேனஸுக்கு ஒரு குறிப்பு: 1977 மார்ச் மாதம் அது ஒரு விண்மீனை மறைத்தபோது, விண்மீனின் வெளிச்சம் இடையிடையே மங்கியது. அப்படித்தான் யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டென்று தெரிந்தது. அந்த மங்கலைப் பதிவுசெய்த தொலைநோக்கிகளில் காவலூரிலிருந்ததும் ஒன்று.

வாயேஜர் 2 விண்கலம் 1977 ஆகஸ்டில் கிளம்பி, வழியில் மூன்று கோள்களைப் பார்த்துவிட்டு, 1989 ஆகஸ்டில்தான் நெப்டியூனை எட்டியது. பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்த தூரத்துக்கு அதற்குப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. ஒளியின் வேகத்தையும் இதே அளவுக்குச் சுருக்கினால் நொடிக்கு நாலரை செ.மீ.தான் வரும். சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 8 நிமிடம் 20 நொடி. நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல். “அப்ப நாங்க ஒளியைவிட வேகமா சார்?” என்று ஒரு குரல் நிச்சயம் வரும். இந்த மைதானத்தில் மட்டும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். நமக்கு அடுத்த விண்மீனையும் கேட்டால், 6,000 கி.மீ. தள்ளி இன்னொரு பந்து, ஏறக்குறைய சென்னையிலிருந்து மாஸ்கோ தூரம்.

இனி வகுப்பறைக் கேள்விகள். சூரியன் இழுக்கிறது என்றால் பூமி ஏன் போய் விழவில்லை? இது பெரியவர்களும் கேட்கத் தயங்கும் நல்ல கேள்வி. ஒரு கல்லைக் கையிலிருந்து நழுவவிட்டால் காலடியில் விழும். முன்னோக்கி எறிந்தால் தள்ளிப் போய் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி. பூமி பக்கவாட்டில் நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சூரியனை நோக்கி அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் விழுவதற்குள் பக்கவாட்டில் விலகிவிடுகிறது, அதனால் பாதை வளைந்து வட்டமாகிவிடுகிறது. வேகத்தைக் குறைக்க அங்கே காற்றும் இல்லை. இதைச் சொல்லும்போது கரும்பலகையில் மூன்று வளைகோடுகள் போட்டால் போதும். சூத்திரம் வேண்டாம், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இன்னொரு கேள்வி நம்மூர்ப் பிள்ளைகளுக்கே உரியது. கோயிலில் சுற்றுவது ஒன்பது கிரகம், புத்தகத்தில் எட்டுக் கோள், எது சரி? ‘அது வேறு, இது வேறு’ என்று வாயடைக்க வேண்டாம். வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தவர்களின் கணக்கு அது. விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறுகிறவை எவை? சூரியன், நிலவு, செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. இந்த ஏழோடு ராகுவும் கேதுவும். வானத்தில் சூரியன் போகும் பாதையும் நிலவு போகும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் அவை. கிரகணங்கள் நிகழ்வது அந்த இடங்களை ஒட்டித்தான். அந்தப் பட்டியலில் பூமி இல்லை, ஏனென்றால் பார்க்கிறவர் நிற்கும் இடமே அதுதான். பூமியும் சுற்றுகிற ஒரு கோள் என்றானதும், சூரியனும் நிலவும் வரிசையிலிருந்து இறங்கின, பூமி ஏறியது. 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் யுரேனஸைக் கண்டார். நெப்டியூன் இருக்கவேண்டிய இடத்தை லெவரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் கணக்குப் போட்டுச் சொல்ல, 1846-இல் பெர்லின் வானாய்வகத்தில் தேடிப் பிடித்தார்கள். ஐந்தோடு மூன்று, எட்டு.

சூரியனுக்குப் பக்கத்திலிருக்கும் புதன்தான் அதிகச் சூடு என்று எழுதும் பிள்ளைக்கு உடனே தப்புப் போடாதீர்கள், யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. புதனில் காற்று மண்டலம் இல்லாத குறை, பகலில் 430 டிகிரி வாங்கியதையெல்லாம் இரவில் விட்டுவிட்டு மைனஸ் 180-க்கு இறங்கிவிடுகிறது. வெள்ளியை மூடியிருக்கும் கரியமில வாயு வெப்பத்தை வெளியே விடுவதில்லை. அங்கே இரவும் பகலும் 460 டிகிரிக்கு மேல்.

கோடைக்காலத்தில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பது அடுத்த தவறு. சாய்வாக வரைந்த நீள்வட்டப் படங்கள் செய்த வேலை இது. உண்மையில் நாம் மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிப் பனி இன்னும் விலகாத நாள்களில். ஜூலையில் இருப்பதைவிட 50 லட்சம் கி.மீ. அருகில், நம் மைதானத்தில் முக்கால் மீட்டர். வெயிலும் குளிரும் பூமியின் சாய்வால் வருவது.

புளூட்டோவைப் பற்றி அதிகம் அழ வேண்டாம். 1930-இல் கண்டுபிடித்தார்கள், பெயரை முன்மொழிந்தது வெனீஷியா பர்னி என்ற பதினொரு வயது ஆங்கிலச் சிறுமி, 2006-இல் குறுங்கோள் ஆக்கினார்கள். நிலவுகளின் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 2025 மார்ச்சில் மட்டும் சனிக்கு 128 நிலவுகள் புதிதாகச் சேர்ந்து மொத்தம் 274 ஆனது. அச்சான புத்தகம் என்ன செய்யும்?

நிலவுகளை எண்ணுவதைவிடப் பார்ப்பது நல்லது. வியாழன் இரவில் தெரியும் மாதங்களில், சாதாரணப் பைனாகுலர் ஒன்றை மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர்மேல் ஊன்றிப் பிடித்தால், கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் சில புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலீலியோ பார்த்த அதே நான்கு நிலவுகள். சில நாள் ஒன்றிரண்டு மறைந்திருக்கும். ஒரு வாரம் விடாமல் நோட்டில் வரையச் சொல்லுங்கள், ஒவ்வோர் இரவும் புள்ளிகள் இடம் மாறியிருக்கும். ஒரே ஒரு கண்டிப்பு: பைனாகுலரைப் பிள்ளை கையில் கொடுப்பது சூரியன் மறைந்த பிறகுதான். பகலில் அதை அலமாரியில் பூட்டி வையுங்கள். அதன் வழியாக ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலே கண் போய்விடும்.