பிள்ளை யாரிடம்?

கணவனும் மனைவியும் பிரிந்தால் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை ஒரு காலத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். பால் மறக்காத குழந்தை தாயோடு போகும். வளர்ந்த பையனைத் தகப்பன் வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது தாய்மாமன் பொறுப்பு. பிள்ளையின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. தாயின் விருப்பத்தையும் அநேகமாகக் கேட்டதில்லை.

சட்டமும் அப்படித்தான் நின்றது. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தந்தை உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, பிள்ளைக்கு வேறொருவரைப் பாதுகாவலராக நியமிக்க முடியாது என்றிருந்தது. 1956-இல் வந்த இந்துச் சட்டம் ஐந்து வயது நிரம்பாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்கும் என்றது. குழந்தையின் நலனே முதன்மை என்றும் எழுதியது. ஆனாலும் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின்னரே தாய். காய்ச்சலில் கண்விழிப்பவர் தாய். படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் தந்தை.

1973-இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1984-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் 20,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, ரிசர்வ் வங்கி தந்தையின் கையெழுத்தைக் கேட்டது. அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கும், விவாகரத்து வழக்கின் நடுவே இருந்த சூழலியலாளர் வந்தனா சிவாவின் வழக்கும் 1999-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாக முடிந்தன. தந்தை இறந்த பிறகுதான் தாய் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை, தந்தை பிள்ளையின் பொறுப்பை ஏற்காதபோதும் தாயே பாதுகாவலர் என்றது தீர்ப்பு. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தந்தையோடு தாயையும் சேர்த்து எழுத 2010 வரை ஆயிற்று.

இன்று குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர் இருக்கிறார். பார்க்கும் நாளும் நேரமும் உத்தரவிலேயே வருகின்றன. வீடியோ அழைப்பில் பேசுவதும் பிள்ளையுடன் இல்லாத பெற்றோரின் உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விவரம் தெரிந்த பிள்ளையை நீதிபதி தம் அறைக்கு அழைத்து, யாரோடு இருக்க ஆசை என்று கேட்கிறார். அன்று ஒருவரும் கேட்காத கேள்வி அது. கேட்பது நியாயம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு, அம்மா என்றால் அப்பாவுக்கு வருத்தம், அப்பா என்றால் அம்மாவுக்கு. வாயைத் திறக்குமுன் அது இருவர் முகத்தையும் நினைத்துக்கொள்கிறது.

உத்தரவுப்படி வெள்ளிக்கிழமை மாலை பள்ளிப்பையோடு இன்னொரு பையும் தயாராகிறது: இரண்டு செட் துணி, இருமல் மருந்து, கணக்கு நோட்டு. நோட்டு விட்டுப்போனால் வாட்ஸ்அப்பில் அதற்கொரு சண்டை. அந்தக் காலத்தில் சண்டைக்கு நடுவே பாட்டியும் மாமனும் நின்றார்கள். அவர்களின் தீர்ப்பு பல நேரம் அநியாயமானது. ஆனாலும் பிள்ளை போய் ஒட்டிக்கொள்ள ஒரு மடி இருந்தது. இன்று தாய்க்கு உரிமை உண்டு, தந்தைக்குக் குறித்த நேரம் உண்டு, பிள்ளைக்குக் குரல் உண்டு. நடுவே நிற்கும் சொந்தம்தான் குறைந்துவிட்டது.

தாய் தந்தை இருவரையும் சமமான பாதுகாவலராக்க வேண்டும், கூட்டுப் பொறுப்புக்கும் வழி வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் தந்தை முதலில், தாய் பிறகு என்ற வரிசை மட்டும் மாறவில்லை. அது மாற வேண்டும். மாறினாலும், எந்தப் பள்ளி, எந்த மருத்துவம் என்று இருவரும் பேசி முடிவெடுக்கும் பக்குவத்தைச் சட்டம் கொடுத்துவிடாது. மனைவி, கணவன் என்ற உறவு முடியலாம். அம்மா, அப்பா என்ற வேலை முடிவதில்லை என்பதை அவர்கள்தாம் தினமும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.