கிளிட்டசோன்களும் இரத்தக் கொலஸ்டிராலும்

கிளிட்டசோன்கள் என்பவை இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கு வாய்வழியாக உட்கொள்ளப்படும் மருந்துகள் ஆகும். இவை கொழுப்புச் செல்களின் உட்கருவில் உள்ள பிபிஏஆர்-காமா என்னும் ஏற்பியைத் தூண்டி, இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையைக் கூட்டுகின்றன. இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவும் இவற்றால் மாறுகிறது. மற்றொரு நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல் அளவைச் சற்றே குறைப்பதுடன் நின்றுவிடுகிறது.

இவ்வகையைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோன், பியோகிளிட்டசோன் ஆகிய இரண்டும் 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சர்க்கரையைக் குறைப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமமே. கொழுப்பைப் பொறுத்தவரை அவ்வாறு இல்லை. 2005 இல் வெளியான நேரடி ஒப்பீட்டு ஆய்வொன்றில் பியோகிளிட்டசோன் டிரைகிளிசரைடைக் குறைத்தது. ரோசிகிளிட்டசோனோ அதனைக் கூட்டியது. எல்.டி.எல் இரண்டிலும் உயர்ந்தது, எனினும் ரோசிகிளிட்டசோன் உட்கொண்டோரிடம் உயர்வு அதிகம். நல்ல கொலஸ்டிராலான எச்.டி.எல் பியோகிளிட்டசோனால் கூடுதலாக உயர்ந்தது. இம்மருந்து பிபிஏஆர்-ஆல்பா ஏற்பியையும் ஓரளவு தூண்டுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

ரோசிகிளிட்டசோன் மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்று ஸ்டீவன் நிஸ்ஸென், கேத்தி வோல்ஸ்கி ஆகியோரின் தொகுப்பாய்வு 2007 இல் தெரிவித்தது. அதற்குக் கொழுப்பு மாற்றம்தான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. 2010 இல் ஐரோப்பாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டில் தடை செய்தது. அமெரிக்காவோ கட்டுப்பாடுகளை விதித்து, மறு ஆய்வுக்குப்பின் 2013 இல் தளர்த்தியது. உடலில் நீர் தேங்கச் செய்வதால், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இவ்விரு மருந்துகளுமே தரப்படுவதில்லை.