காணி வாங்கும் முன் ஆற்றை அளந்து பாருங்கள்

சில வருடங்களுக்கு முன்னர் எனது நண்பர் ஒருவர் ஆற்றோரமாக ஒரு காணி வாங்கினார். 40 அறைகள் கொண்ட ஹோட்டல் ஒன்றைக் கட்டுவது அவரது நோக்கம். ஹார்ட்வெயார் கடைக்காரன் என்ற வகையில் கம்பியும் சீமெந்தும் நான்தான் கடனுக்குக் கொடுத்தேன். ஆசை யாரை விட்டது, ஒரு சிறு பங்கும் போட்டேன். "99 அறைகளுக்கு மேல் போனால்தான் சுற்றாடல் அறிக்கை கேட்பார்கள், நம்முடையது 40 தானே ஹாஜியார்" என்றார். நானும் நம்பினேன். அத்திவாரம் போட்டு முடியும் தறுவாயில் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. அதன் பின்னர் பதினான்கு மாதங்கள் எமது பணம் மண்ணுக்குள் கிடந்தது. வங்கி வட்டி மட்டும் நிற்கவில்லை.

நண்பர் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோதுதான் பெரிய கருத்திட்டங்களுக்கு முன் அனுமதி கட்டாயமானது. எவை அந்தக் கருத்திட்டங்கள் என்பதை 1993 ஜூன் 24ஆம் திகதிய வர்த்தமானி பட்டியலிட்டது. 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல், 4 ஹெக்டேயருக்கு மேல் சதுப்பு நிலம் நிரப்புதல், 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை என்று அது நீளும். ஆனால் அதே அறிவித்தலில் இன்னொரு பகுதி இருக்கிறது. எங்காவது ஓரிடத்தில் 25 மீற்றருக்கு மேல் அகலமான பொது ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் வந்தால், பட்டியலிலுள்ள கருத்திட்டம் எவ்வளவு சிறியதானாலும் அனுமதி வேண்டும். எமது காணிக்கு முன்னால் ஆறு ஒடுக்கமாகத்தான் ஓடுகிறது. கீழே இரண்டு மைல் போனால் அகலம். சட்டத்துக்கு அது போதும்.

அனுமதியை யார் கொடுக்கிறார்கள் என்பதில் நம்மவர்களுக்குப் பெரும் குழப்பம். பலர் மத்திய சுற்றாடல் அதிகார சபையில் ஓர் அதிகாரியைப் பிடித்தால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. நகர அபிவிருத்தி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்கள் பல, அனுமதி வழங்கும் நிறுவனங்களாக வர்த்தமானியில் பெயர் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றுதான் தீர்மானிக்கும். அதற்கும் அதிகார சபையின் இணக்கம் வேண்டும். கருத்திட்டம் அந்த நிறுவனத்தினுடையதாகவே இருந்தால் தனக்குத்தானே அனுமதி கொடுக்க முடியாது, வேறொன்று நியமிக்கப்படும். இவர்களுக்கு ஆலோசனை சொல்வதற்குத்தான் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு. சம்பந்தப்பட்ட திணைக்களங்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்களை எடுத்து, கருத்திட்டத்துக்குக் கருத்திட்டம் அமைக்கிறார்கள். அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் சொல்வதும், எழுதி வந்த பிறகு அதை அலசுவதும் இவர்கள் வேலை.

எமது இடத்துக்கும் வந்தார்கள். கோட் சூட் எதிர்பார்த்த நண்பருக்கு ஏமாற்றம். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போய், வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று கேட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். மலசலக் கழிவு எங்கே போகும் என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாவது ஆள் கேட்டதற்குத்தான் எமக்குப் பதிலில்லை: "இந்த இடம் அல்லாமல் வேறு எந்த இடத்தைப் பார்த்தீர்கள்?" காணியை வாங்கிவிட்டோமே, வேறு இடத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று நண்பர் முணுமுணுத்தார். போதாக்குறைக்கு, எமது ஆலோசகர் கொடுத்த அறிக்கையில் இல்லாத தென்னந்தோப்பு ஒன்று வந்தது. வேறெங்கோ எழுதியதைப் பிரதி பண்ணியிருக்கிறார். அதற்கு நாங்கள் கொடுத்த தொகையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத விடயமும் இதுவே. அறிக்கை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் கருத்திட்டக்காரர். குழு அந்தத் தாளை வைத்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. குழு சொல்வதும் சிபாரிசுதான்; கையொப்பம் வேறு இடத்தில். அனுமதி மறுக்கப்பட்டால் கருத்திட்டக்காரர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டதால் பாதிக்கப்படும் அயலவருக்கு அந்த வழி இல்லை, அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் நடந்தது அதுதான். 1999இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. சதுப்பு நிலங்களைத் தவிர்க்கும்படி பாதையை நகர்த்தச் சொன்னார்கள். அறிவியலாகப் பார்த்தால் நல்ல தீர்மானம். ஆனால் பாதை நகர்ந்து போய் விழுந்த இடத்தில் வீடு வாசலோடு மனிதர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2004 ஜனவரியில் வந்த தீர்ப்பு, விசாரிக்கப்படும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்று கூறி நட்டஈடு வழங்கச் சொன்னது. பாதை மட்டும் மாறவில்லை. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறந்தார்கள். நாம் எல்லோரும் அதில்தான் போய் வருகிறோம்.

ஆகவே கட்டுபவராக இல்லாதபோதும் இது உங்கள் விடயம்தான். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்றால் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட்டுப் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாட்கள் கொடுக்க வேண்டும். அனுப்பும் கருத்து கருத்திட்டக்காரருக்குப் போகும், அவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடைத்தெருவின் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கொழும்பிலிருந்து வரும் பேராசிரியருக்குத் தெரியாது. எங்களுடையது போன்ற சிறிய கருத்திட்டங்களுக்கு வரும் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை அறிக்கைக்கு இந்த 30 நாட்கள் இல்லை. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அது போய்விட்டது. அதைத் தேடிப்போய்த்தான் பார்க்க வேண்டும்.

எமக்கு அனுமதி கடைசியில் கிடைத்தது. கட்டடத்தைப் பின்னால் தள்ள வேண்டும், அறைகளைக் குறைக்க வேண்டும், கழிவுநீர் சுத்திகரிக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்று நிபந்தனைகள். போட்ட அத்திவாரத்தில் பாதியை உடைத்தோம். அந்தக் கம்பிக்கான பில் இன்னும் எனது கடையில் ஆணியில் தொங்குகிறது. அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் ஆறு ஏறி, உடைத்த அத்திவாரம் இருந்த இடத்தை மூடி நின்றது. நண்பர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். பில்லைப் பற்றி அன்று நான் பேசவில்லை.