தாத்தாவுக்கு விக்கல்... காரணம் ப்ளூடூத்!

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பழைய வீடு ஒன்றுக்குள்ள போயிருக்கீங்களா பாஸ்? வாசலில் அகலம் கம்மி. உள்ளே போனா ரயில் பெட்டி மாதிரி நீண்டுட்டே இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், சமையல் உள், கொல்லை... நடுநடுவே தடித்தடியாச் சுவர்கள். கட்டின கொத்தனார்கிட்ட ப்ளூடூத் பற்றி யாரும் சொல்லலை, பாவம்!

எங்க பாட்டி வீடும் அப்படித்தான். தாத்தா திருச்சி ரேடியோவோட கூடவே பாடுற ஆசாமி. அவர் பாடினதை அப்பா ஒரு கேசட்டில் பிடிச்சு வெச்சிருந்தார். தாத்தா போய்ச் சேர்ந்தாச்சு, கேசட்டிலும் பூஞ்சை. ஹாஸ்டலிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து, டேப் ரெக்கார்டரோட ஒரு வயரில் இணைச்சு, ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் பதிவு பண்ணினேன். 60 நிமிஷக் கேசட்டுக்கு முழுசா 60 நிமிஷம் உட்கார்ந்தே ஆகணும், குறுக்கு வழியே கிடையாது! 128 கேபிபிஎஸ் எம்பி3-யா மாத்தினா சுமார் 58 எம்பி. எந்த மியூசிக் ஆப்பிலும் தேடினாலும் கிடைக்காத ஆல்பம். (பென்டிரைவில் இன்னொரு காப்பியும் போட்டாச்சு.)

சமையல் உள்ளில் புது ஸ்பீக்கர், திண்ணையில் போனோட நான். ப்ளே அமுக்கினேன். உள்ளேயிருந்து பாட்டி குரல்: “என்னடா, அவருக்கு இப்படி விக்கறது?”

விஷயம் இதுதான். சாதாரணமா ப்ளூடூத் எட்டுறது திறந்த வெளியில் பத்து மீட்டர் அளவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர்னா அலர்ஜி. நம்ம உடம்பில் இருக்கிற தண்ணிகூட அதை உறிஞ்சிடும். செகண்டுக்கு 1,600 தடவை சேனல் மாறி மாறித் தாவி எப்படியாவது பாட்டைக் கொண்டுபோகப் பார்க்கும். முடியலைன்னா விக்கல்! போதாக்குறைக்கு நடுவில் ஃப்ரெண்ட் கால் பண்ண, தாத்தாவை நிறுத்திட்டு என் குத்துப்பாட்டு ரிங்டோன் சமையல் உள்ளில் அலறிச்சு. பாட்டி மூஞ்சியைப் பார்க்கணுமே!

“போனை இங்கயே வெச்சுட்டுப் போயேன்டா” என்றாள் பாட்டி. சரியான ஐடியாதான். ஆனா போனை விட்டுட்டு நான் எங்கே போறது?

நல்லவேளை, ஸ்பீக்கரில் வைஃபையும் டிஎல்என்ஏ வசதியும் இருந்தது. கூடத்தில் இருக்கிற ரவுட்டர் நடுவில் நின்னு வாங்கிக் கொடுக்கும். போன், ரவுட்டர், ஸ்பீக்கர்... அவ்வளவுதான் ரூட். பாட்டு போனிலேயே இருக்கிறதால நெட் பேக் ஒரு எம்பிகூடக் கரையாது. அன்னிக்கு நெட் கனெக்‌ஷனே புட்டுக்கிச்சு, தாத்தா பாட்டுக்குப் பாடிட்டு இருந்தார். ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு 2010-லிருந்தே ஏர்ப்ளே உண்டு. குரோம்காஸ்ட் வகைன்னா மட்டும் ஆரம்பிக்கிறதுக்கு நெட் கேட்கலாம், உஷார்.

அன்னிக்கு விக்கல் இல்லாம முதல் பாட்டு ஓடினது. தாத்தா மூச்சு வாங்குறதுகூடக் கேட்டது. ரெண்டாவது பாட்டுக்கு நடுவில், தூரத்தில் ஒரு பெண் குரல்: “காபி ஆறறது, வாங்கோ!”

பாட்டி கரண்டியை வெச்சுட்டு நிமிர்ந்தாள். “யாருடா அது?”

“நீதான் பாட்டி.”

“மறுபடி போடு.”